நான்காவது தோள்

சாயங்காலம் ஐந்து மணி. இமயமலையில் கோரி ஆற்றுக்கு மேலே, மிலம் கிராமத்துக்குப் போகிற பாதை. இரண்டு பேர் தோள் உரச நடக்கலாம்... அவ்வளவுதான் அகலம். ஐப்பசி மாதம். இருட்டிவிட்டால் அங்கே ஆடு மேய்க்கிறவன்கூட நடக்க மாட்டான்.

நம் ஊர்ப் பசந்தி இருக்கிறாளே, அவள் அம்மாவுக்குப் பெரியம்மா ஒருத்தி. தெபுலி என்று பேர். வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது இது. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அல்மோராவில் பாதிரி வீட்டில் வேலை செய்து இங்கிலீஷ் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் மிஸ் விட்லோ என்ற மேம்சாப் அவளை ஆயாவாகக் கூட்டிக்கொண்டு மலையேறினாள்.

மேம்சாப் பயணப் புத்தகம் எழுதுகிறவள். எங்கே நின்றாலும் மடியில் நோட்டு. யார் வாயைத் திறந்தாலும், "ஆயா, அவன் என்ன சொல்றான்?" தெபுலி சொல்வது அப்படியே நோட்டில் ஏறும்.

கணுக்கால் சுளுக்கியிருந்ததால் மேம்சாப் டாண்டியில் வந்தாள். இரண்டு நீளத் தேவதாருக் கட்டைகளில் கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர், தோளில் தூக்கிப் போகும் மரநாற்காலி. தூக்கியவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. சர்க்கார் சீட்டு வந்தால் ஊர்த் தலைவர் ஆள் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். அறுப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள் அந்த நான்கு பேரும்.

"காலையில எட்டு முட்டை தின்னுட்டு ஏறி உக்காந்திருக்கா. அதையும் சேர்த்துத்தான் தூக்கறோம்," என்றான் முன்னால் போன கீமா.

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் வலது பக்கம் தூக்கிய குஷால் மட்டும் சிரிக்கவில்லை.

தண்ணீர் குடிக்க நின்றபோது அவன் தெபுலியிடம் வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"தீதி, நீ எனக்கு அக்கா மாதிரி. எச்சில்ல ரத்தம் வருது. என்னை இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லு. விடிஞ்சதும் வந்து சேர்ந்துக்கறேன்."

"ஆயா, அவன் என்ன சொல்றான்?"

தெபுலிக்குக் காலெல்லாம் கொப்புளம். சர்க்கார் பங்களா இன்னும் மூன்று மைல். ஒருவன் நின்றால் டாண்டி நகராது, எல்லாரும் நிற்க வேண்டும். இந்தக் குளிரில், இந்தப் பாறையில், இரவு முழுக்க... அவள் பெரிதாக யோசிக்கவில்லை.

"உடம்பு சரியில்லையாம் மேம்சாப். சும்மா சாக்கு. இவங்களுக்கு இதே வழக்கம்."

மேம்சாப் தலையாட்டிவிட்டு எழுதினாள். பென்சில் கரகரவென்று ஓடியது.

அரை மைல் போயிருக்க மாட்டார்கள். குஷால் மண்டியிட்டான். டாண்டி சாய்ந்தது. இரண்டு தடவை இருமினான். பாறையில் தெறித்த ரத்தத்திலிருந்து ஆவி எழும்பியது... கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

உடலைக் கல் வைத்து மூடினார்கள். மேம்சாப் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டாள். தெபுலிக்கு அழுகை வரவில்லை. விரல்கள் விறைத்திருந்தன. உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. மற்ற மூவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது.

"மூணு பேரா எப்படித் தூக்கறது?" என்றான் கீமா.

"முடிஞ்ச வரைக்கும் தூக்குங்க," என்றாள் தெபுலி.

முன்னால் இருவர். பின்னால் இடது பக்கத்துக்காரன் துங்கர் மட்டும். கடைசியாக லாந்தரோடு தெபுலி. டாண்டி ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகும் என்று நினைத்தாள்.

கோணவில்லை. தண்ணீரில் மிதக்கிற மாதிரி போனது.

லாந்தரை உயர்த்திப் பார்த்தாள். பின்பக்கத்து வலது கட்டை வெறும் காற்றில் நின்றது. ஓர் ஆளின் தோள் உயரத்தில். மேட்டில் ஏறும்போது அதுவும் ஏறியது. துங்கரின் மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. வலது பக்கத்தில் புகை இல்லை. ஆனால் ஈரக் கம்பளி வாடை... புல் செருப்பு சரளையில் உரசும் சத்தம். சரக்... சரக்... துங்கர் வலது பக்கம் திரும்பவே இல்லை. வாயை மூடிக்கொண்டு அழுதபடி நடந்தான்.

மிச்சமிருந்த இரண்டரை மைலும் அப்படியே.

பங்களாவில் இறங்கிய மேம்சாபுக்கு ஒரே சந்தோஷம். "பின்னாடி வலது பக்கம் இருட்டுல ஒருத்தன் வந்து சேர்ந்தானே, அவனை மாதிரி இதுவரைக்கும் யாரும் தூக்கினதில்ல. ஒரு குலுங்கல் கிடையாது. அவன் பேர் என்ன?"

இரண்டு மாதப் பயணத்தில் அவள் எந்தக் கூலியின் பேரையும் கேட்டதில்லை.

"குஷால்," என்றாள் தெபுலி.

மேம்சாப் இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். தெபுலி ரொட்டி சுடப் போனாள். மாவைத் தொட்டது கைக்குத் தெரியவில்லை.

விடிந்தபோது மூவரும் ஓடிப்போயிருந்தார்கள். வேறு ஆட்கள் வந்தார்கள். பயணம் முடிந்தது. மூன்று வருஷம் கழித்துப் புத்தகமும் வந்தது. பாதிரியின் மகள் அதைத் தெபுலிக்குப் படித்துக் காட்டினாள். ஒரு பக்கத்தில், மலைக் கூலிகள் நோய் நடிப்பதில் தேர்ந்தவர்கள் என்று இருந்தது. அடுத்த பக்கத்தில், குஷால் என்ற விசுவாசமான கூலியைப் பற்றி ஐந்து வரி.

"நல்லா எழுதியிருக்காங்க," என்று சொல்லிவிட்டுத் தெபுலி பருப்பில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். குஷால் வீட்டுக்கு அவள் ஒருநாளும் போகவில்லை.

வெகுகாலம் இருந்தாள். கடைசியில் நான்கு வருஷம் படுத்த படுக்கை. திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆள் வேண்டும். ஒரு குளிர்காலத்தில் இதையெல்லாம் பசந்தியின் அம்மாவிடம் சொன்னாள்... யாருக்கோ நடந்தது போல. மறுவாரம் செத்துப்போனாள்.

குளிப்பாட்டத் துணியை விலக்கியபோதுதான் பார்த்தார்கள். அவள் வலது தோளில் ஒரு காய்ப்பு. குதிகால் போலத் தடித்தது. பத்து வருஷம் டாண்டி தூக்கினவனுக்கு வருகிற காய்ப்பு. அதன் மேல்தோல் புதிதாக உரிந்து ஈரமாக இருந்தது. உள்ளே ஒரு மரச்சிராய்.

பசந்தியின் அம்மா அதை ஊசியால் எடுத்தாள். தேவதாரு. பிசின் இன்னும் காயவில்லை.