ஏழு பாகைத் தண்ணீர்

ஏப்ரல் வெயிலை நம்பி யாரும் ஏரியில் இறங்கக் கூடாது. கரையில் செரி பூத்திருக்கும், ஆட்கள் மேற்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், ஆனால் சூக் ஏரிக்கு அது இன்னும் மாரிகாலம்தான். ஓகஸ்டில் இருபத்துநான்கு பாகை வெப்பம் இருக்கும் தண்ணீர் ஒக்டோபரில் பதினைந்துக்கு இறங்கும். தை மாசியில் ஐந்து. ஏப்ரலில் ஏழோ எட்டோதான் இருக்கும். மே மாதத்திலும் மேலே ஒரு முழத்துக்குத்தான் சூடேறும். காலைக் கீழே நீட்டினால் மாரி அப்படியே கிடக்கும்.

டொச் மொழியில் சொன்னால் தடுமாறுவேன், நீங்களும் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். அதனால்தான் தமிழில் எழுதித் தருகிறேன். உங்களோடு வேலை செய்யும் கோபிஷா தங்கச்சி மொழிபெயர்ப்பார். சில இடங்கள் அவருக்குக் கஷ்டமாக இருக்கும், மன்னித்துக்கொள்ளட்டும்.

என் கணவர் குணசேகரம் நல்லவர். அதை முதலில் பதிந்துகொள்ளுங்கள். குடி இல்லை, கை நீட்டியதில்லை, கறியில் உப்புக் கூடினால்கூட முகம் சுளித்ததில்லை. இருவரும் ஒரே கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவு செய்தோம். ஒரே காரில் போய், ஒரே மாடியில் வேலை செய்து, ஒரே பெட்டியில் கட்டிய சோற்றைச் சாப்பிட்டோம். நான் வாளியைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கிக்கொள்வார். கடைக்குப் போனால் பின்னாலேயே பையுடன் நிற்பார். எங்களை நகமும் சதையும் என்பார்கள். நகத்துக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

மாமி படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்கு ஏரி கிடைத்தது. காலை வேலை முடிந்ததும் தாய்க்கு மருந்து கொடுக்க இவர் வீட்டுக்கு ஓட வேண்டும். அந்தப் பொறுப்பை அவர் யாரிடமும் விடவில்லை. நான் ஏரிக்குப் போனேன். குளிர்நீரில் நீந்துபவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்து முறையாகப் பழகினேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். கையையும் கழுத்தையும் முதலில் நனைக்க வேண்டும். தலையை மட்டும் சட்டென்று அமிழ்த்தக் கூடாது. அமிழ்த்தினால் உடம்பு நம்மைக் கேட்காமலே மூச்சை இழுக்கும், உள்ளே போவது தண்ணீராக இருக்கும்.

மாரியில் அந்தக் கரைக்கு ஒரு குருவியும் வராது. யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள், என் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார்கள். தண்ணீரில் கிடந்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்குத் தெரியாது.

பங்குனி தொடக்கத்தில் மாமி கண்ணை மூடினார். உண்மையாகவே அழுதேன். எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த கையோடு இவர் ஒரு பையுடன் வந்தார். உள்ளே ஒரே நிறத்தில் இரண்டு பெரிய குளியல் துவாய்களும் இரண்டு சோடி இறப்பர்க் கையுறைகளும் இருந்தன.

"அம்மா இருக்குமட்டும் உன்னைக் கவனிக்கேலாமல் போச்சு, யசோ. இனி நானும் உன்னோட ஏரிக்கு வாறன்."

"குளிர் உங்களுக்கு ஒத்துவராது," என்றேன்.

"வல்வெட்டித்துறைக் கடற்கரையில பிறந்தவன் நான். மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்கிறியோ?" என்று சிரித்தார்.

துவாய்களை மடித்து அலுமாரியில் வைத்தேன். அவர் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால்கூட அப்படிக் கொதித்திருக்கமாட்டேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் அவர் மனம் நொந்துபோவார். அவர் மனம் நோக நான் ஒருநாளும் நடந்ததில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை ஏப்ரலில் வந்தது. ஊரில் என்றால் கீரிமலைக் கடலில் செய்வார்கள், இங்கே சுவிஸில் ஏரிதான். பிள்ளை சாம்பலைத் தண்ணீரில் விட்டு முழுகுவார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். திரும்பினால் போகிற உயிருக்குத் தடை. கரையில் கிரியை முடித்த ஐயரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார். இடத்தைத் தெரிவு செய்தது நான். அங்கே இடுப்பளவு வரைக்கும் கல்தரை, அதற்கப்பால் தண்ணீர் சட்டென்று கறுக்கும். கறுக்கும் இடத்தில் தரை இல்லை.

"கறுத்த தண்ணியில கொண்டுபோய் விடுங்கோ. கிட்ட விட்டால் கரைக்குத் திரும்பி வந்துடும்," என்றேன்.

"குளிருக்கு என்ன செய்யிறது?"

"மெல்ல இறங்கினால்தான் குளிரும். யோசியாமல் தலையோட ஒரே முழுக்கா முழுகுங்கோ."

"நீ சொன்னால் சரி," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு வேட்டியோடு இறங்கினார். கடல் உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும், ஏரி பிடிக்காது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாங்கள் காரை நோக்கி நடந்தோம். இவருடைய பெரியம்மாவின் மகன் சுபேசன் என் பக்கத்தில் வந்தான். பின்னால் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது, பிறகு தொண்டையில் எதுவோ அடைத்தது போல ஒரு சத்தம்.

"அண்ணி, அண்ணை கூப்பிட்ட மாதிரிக் கிடக்கு."

"கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது, தம்பி. மாமியின்ர உயிர் நிம்மதியாப் போகட்டும்."

நல்ல பிள்ளை, திரும்பவில்லை. எல்லோருக்கும் நான் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாம் முறையும் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் சுபேசன் பொறுக்கமாட்டாமல் கரைக்கு ஓடினான். உங்கள் பொலிஸ் ஆட்கள் வந்தபோது கலக்கத்தில் இருந்த சுபேசனை முந்திக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர்கள் அங்கேயே தேடினார்கள். கடைசியில் ஒரு சுழியோடி என் தோளைத் தொட்டு, அடியில் வருடம் முழுவதும் ஐந்து பாகைதான், அந்தக் குளிரில் உடம்பு ஊதாது, மேலே வராமலே போகலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

போன கிழமை மறுபடியும் இறங்கினேன். தண்ணீர் பதினொரு பாகை, காற்றே இல்லை, எனக்குப் பிடித்த காலநிலை. நாலு கை போடவில்லை, திரும்பி வந்துவிட்டேன். காலுக்குக் கீழே அவர் இருக்கிறார். மறுகரைக்குப் போய் இறங்கிப் பார்த்தேன். அங்கேயும் அதே ஏரிதானே. என்னால் தாங்க முடியவில்லை, அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

படகுத்துறையில் தேட வேண்டாம். அதற்கு வடக்கே, கற்கரைக்கு நேர் எதிரே, தண்ணீர் கறுக்கும் இடத்தில் இறங்குங்கள். நானே அனுப்பினேன், அங்கேதான் இருப்பார். மே முடிவதற்குள் எடுத்துவிட்டால் நல்லது. ஜூனில் தண்ணீர் பதினெட்டைத் தாண்டிவிடும், ஊரே வந்து இறங்கும், பிறகு எனக்குத் தனியாக நீந்த ஒரு மூலைகூடக் கிடைக்காது.