நோட்டிஸில் ஒரு இத்தாலிச் சொல்

கண்டியிலிருந்து பன்வில போகும் பஸ்ஸில் எனக்கும் என் மகளுக்கும் முன் சீட்டில் இருவர் இருந்தார்கள். மூத்தவர் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துப் பழக்குபவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் கூத்து நோட்டிஸை இளையவரின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஒம் பேருக்குக் கீழ 'இம்ப்ரெசாரியோ'ன்னு போட்டிருக்கியே, அது என்னா வியாதி?"

"இத்தாலிச் சொல்லுண்ணே. ஒரு காரியத்தத் துணிஞ்சு பொறுப்பெடுத்து நடத்துறவன்னு அர்த்தம். நாடகம், கச்சேரி நடத்துறவங்கள அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"பொறுப்பெடுத்தவன் காப்புக் கட்டணும்ல? ஆடுற பயலுக அத்தனை பேரும் கட்டி விரதம் இருக்கானுக. ஒங் கையில எங்க கயிறு?"

"எனக்கு டவுன்ல வேலைண்ணே, விரதமெல்லாம் சரிவராது."

"நான் மட்டும் சும்மாவா இருக்கேன்?"

அவர் குரல் உயர்ந்தது. மகளோடு பின்னால் போய்விடலாமா என்று யோசித்தேன். எழுந்தால் தவறாக நினைப்பார்களோ என்று இருந்துவிட்டேன்.

"சரி, பேரு இருக்கட்டும். இப்பவே கோயிலுக்கு வா, கட்டிவிடுறேன்."

"நான் வத்தேகமையில எறங்கணும்ணே."

"எறங்கு. பாதியில எறங்கிப் போறவனுக்கும் இத்தாலியில ஒரு சொல் இருக்கும். அதத் தேடி நோட்டிஸ்ல போடு."