மச்சானுக்கு ஒரு மீடியன்

சாலையில் எனக்குப் பிடித்த இடம் சென்டர் மீடியன்தான். அது யாரிடமும் பேசாது, யார் வீட்டுக்கும் போகாது.

புறநகர்ச் சாலையை அகலப்படுத்தியபோது வரைபடம் போட்டவன் நான். மீடியனில் எங்கே இடைவெளி விடுவது, திரும்பும் வண்டிகளுக்கு எங்கே தனித் தடம் ஒதுக்குவது என்பதெல்லாம் என் முடிவு. இடைவெளி கூடினால் விபத்து கூடும். விசாரணை அதிகாரியான உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

என் வீட்டெதிரே ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் என் மனைவியின் அண்ணன் தினமும் மாலையில் காரைத் திருப்பி உள்ளே வருவார். என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு ஏன் பதவி உயர்வு வரவில்லை என்று எனக்கே விளக்குவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மச்சானுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கிளம்பும்போது, "போயிட்டு வர்றேன் மாப்ள" என்பார். எல்லோரும் வாய்வார்த்தைக்குச் சொல்வதுதான். அவர் மட்டும் சொன்ன சொல் தவறியதே இல்லை.

அந்த இடைவெளியை மூடினேன். ஒன்றை மட்டும் மூடினால் சந்தேகம் வருமே என்று பாலம் வரை எல்லாவற்றையும் மூடினேன். பாலத்தடியில்தான் இனி யூ டர்ன். பள்ளிக்கூட வேன் சுற்றி வர வேண்டியிருந்ததால் பிள்ளைகள் இருட்டோடு எழுந்தார்கள். சீக்கிரம் எழுவது நல்ல பழக்கம். எங்கள் வரிசையில் மெத்தைக் கடை எரிந்த அன்று தீயணைப்பு வண்டி மீடியனுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டு, பாலத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது அணைக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் மிச்சம்.

ஒரு வாரம் மச்சான் வரவில்லை. என் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவ்வளவு நிம்மதி.

பிறகு வந்தார், பெட்டி படுக்கையோடு.

"இவ்ளோ தூரம் சுத்தி வந்துட்டு உடனே கிளம்பினா நல்லாவா இருக்கும் மாப்ள? இங்கயே இருந்துடறேன்."

"அண்ணனுக்கு நம்ம ரூமை விட்டுடலாங்க" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆமாம் ஐயா, ஒரு மச்சானைத் தடுக்க ஊரையே சுற்ற விட்டவன் நான்தான். ஆனாலும் அடிப்படையில் அது சாலைப் பாதுகாப்பு நடவடிக்கை. தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. தண்டனையாக எந்த ஊருக்கு மாற்றினாலும் போகிறேன். ஊர் பெயரை மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.