ஒரு கரண்டி மகரந்தம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் நம்பிச் சாப்பிடுவதில்லை. டப்பாவைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நாக்கை நம்பியே அறுபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

தேனீப் பெட்டிகள் பார்ப்பது என் வேலை. பெட்டி வாசலில் ஓட்டைத் தகடு ஒன்று மாட்டுவேன். தேனீ அதில் நெருக்கி நுழையும்போது காலில் ஒட்டியிருக்கும் மகரந்தம் கீழ்த்தட்டில் உதிரும். காயவைத்துக் கம்பெனிக்குக் கொடுப்பேன். அவர்கள் அதில் சாறெடுத்து, மாத்திரைக் குப்பியில் அடைத்து, இயற்கைச் சத்து என்று விற்கிறார்கள்.

தம்பி மனைவிக்கு அது ஆகாது. நான் வீட்டுக்குள் நுழைந்தாலே தும்முவாள்.

"மாமா, சட்டைய வெளியிலயே உதறிட்டு வாங்க. உங்க கூட நாலு தேனீயும் குடித்தனம் வருது."

தம்பி சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே புகையும். ஊரே தேடி வாங்கித் தின்கிற பொருள், இவளுக்கு மட்டும் நஞ்சாமா?

"வயித்துக்குள்ள போனா தொண்டை அடைச்சுக்குமாம் மாமா. டாக்டரே சொல்லிட்டாரு."

"அவருக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிடுவாரு."

காலைக் காப்பி போடுவது நான்தான். முதல் தடவை ஒரு சிட்டிகை கலந்தேன். உதடு லேசாகத் தடித்தது. ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று அவளே சொன்னாள். தெரியாமல் குடித்தால் ஒன்றும் ஆவதில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இன்னொரு நாள் ஒரு கரண்டி போட்டு, குடித்து முடித்ததும் தம்பி முன்னால் விஷயத்தை உடைத்து அவள் வாயை அடைப்பது என்று முடிவு செய்தேன்.

மூச்சு முட்டினால் குத்திக்கொள்ள அவள் கைப்பையில் ஊசி ஒன்று வைத்திருந்தாள். அது கைக்கு எட்டினால் குத்திக்கொண்டு, ஊசியால்தான் பிழைத்தேன் என்பாள். அதனால் பையை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்று காலை ஒரு கரண்டி கலந்து கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தவள் கழுத்தைச் சொறிந்தாள். "மாமா, என் பை எங்க?"

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. உக்காரு."

மேசைக்கு அடியில் தேடினாள். எவ்வளவு நேரம் நடிக்கிறாள் பார்ப்போம் என்று நின்றேன். குரல் விசில் மாதிரி ஆனது. தம்பி குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தான்.

"அண்ணா, பைய பாத்தியா?"

"பாக்கலையே."

அவன் கண்ணெதிரே என் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பையை எடுக்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள் அவள் உயிர் போய்விட்டது.

கலந்தது நான், ஒளித்தது நான், பார்க்கவில்லை என்றதும் நான். இன்ஸ்பெக்டர் எழுதிய அத்தனையும் சரி. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். வெளியே பெஞ்சில் தம்பி இருந்தான்.

"ஏண்ணா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

அவன் முகத்தைப் பார்க்கக் கூசி, தலையைக் குனிந்துகொண்டு தாண்டி நடந்தேன். அவள் குடித்தது பாதிக் கோப்பைதான். பாதிக் கோப்பைக்கா ஒரு மனுஷி சாவாள்? இதயத்தில் வேறு ஏதாவது இருந்திருக்கும். அதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.