இறைச்சி போடாத காராமணி

காராமணியை ஊற வைக்கத் தேவையில்லை, தம்பி. கல் பொறுக்கி, மூன்று தண்ணீரில் அலசி, ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரப் பானையில் கொட்டி, மேலே இரண்டு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றித் தாழ்ந்த சூட்டில் விட்டுவிட்டால் ஏழு மணி நேரத்தில் தானாக வெந்துவிடும். ஊற வைக்கச் சொல்கிறவர்கள் சமையலைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெயர் வெர்டீன் டாலிவர். வயது அறுபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் செய்தேன். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உங்கள் தட்டை நிரப்பியவள் நான்தான், பெட்வே தம்பி. உங்களுக்கு வேர்க்கடலை ஆகாது. உங்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுதி அடுப்புக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். கடலை ஆகாத பிள்ளைகள், பால் ஆகாத பிள்ளைகள், முட்டை ஆகாத பிள்ளைகள் என்று எத்தனையோ பேர். என் கையால் சாப்பிட்டு ஒரு பிள்ளைக்கு உதடு தடித்ததில்லை. ஆகாததை ஆகாது என்று அறிந்து சமைக்கத் தெரிந்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் இரக்கப்பட்டு எழுதிவிடக் கூடாது.

என் தங்கை கார்லிஸ் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அட்லாண்டாவில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்ட வந்தபோது அவளை உண்ணி கடித்தது. கெண்டைக்காலில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பன்றியோ மாடோ எது தின்றாலும் மூன்று நாலு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்துத் தொண்டை அடைத்தது. கோழி ஆகும், மீன் ஆகும். நாலு கால் பிராணி எதுவும் ஆகாது. ஊரில் பாதிப் பேர் இதை நம்பவில்லை. அப்பாவுக்கு இது சிரிப்பாக இருந்தது.

"ஒரு உண்ணி கடிச்சு எம்பொண்ண வெள்ளாடா மாத்திருச்சு. போடி, போய் வேலியோரமா மேய்டி" என்பார்.

"சிரிங்கப்பா, சிரிங்க. உங்கள ஒண்ணு கடிச்சா தெரியும்" என்பாள் அவள்.

"என்னைய கடிச்ச உண்ணி செத்துப் போகும். எண்பது வருஷத்துப் பன்றிக் கொழுப்புடி இது."

நான் நம்பினேன். ஊரிலேயே முழுசாக நம்பியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அம்மா போன பிறகு பதினோரு வருஷமாக அப்பாவைப் பார்த்துக்கொள்வது நான். முடிவெட்டும் கடை வைத்திருந்தவர், வாயும் கத்தரியும் ஒரே வேகத்தில் ஓடும். ஒரு நாலு வருஷமாகத்தான் மறதி. சொன்னதையே சொல்வார், பட்டப்பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போவார். குளிப்பாட்டி, சவரம் செய்து, சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, எல்லாம் நான்தான். நான் குறைபட்டுக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. போன நவம்பரில் ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது செருப்பில்லாமல் நெடுஞ்சாலை வரை நடந்துவிட்டார். நீங்கள்தான் போலீஸ் காரில் கொண்டுவந்து விட்டீர்கள். அதைக் கார்லிஸ் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி வந்தாள். கையில் ஒரு புது ஸ்லோ குக்கர். எங்கள் வீட்டு இரும்புப் பானையில் ஐம்பது வருஷத்துப் பன்றி ஊறியிருக்கிறது, அதில் எதைச் சமைத்தாலும் அவளுக்கு ஆகாது. மூடியில் வெள்ளை நாடா ஒட்டி 'இறைச்சி கூடாது' என்று அவளே எழுதியிருந்தாள். அதை மேசையில் வைத்த கையோடு விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு நல்ல இடம் பார்த்திருக்கேன். ராத்திரி பகலா நர்ஸ் இருக்காங்க. ரெண்டாம் தேதி அப்பாவ கூட்டிட்டுப் போறேன்."

"நீ பார்த்தா போதுமா? அப்பாவக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"அவருக்கு நேத்து என்ன சாப்பிட்டோம்னே தெரியாது."

"நீயும் கொஞ்சம் உனக்காக வாழுக்கா. உனக்கும் வயசாகுது" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்காக வாழ என்னிடம் வேறு என்ன இருந்தது என்று அவள் யோசித்துப் பார்க்கவே இல்லை. அப்பா இல்லாத அந்த வீட்டில் காலை ஆறு மணிக்கு எழுந்து நான் என்ன செய்வேன்? யாருக்குச் சமைப்பேன்? பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை அப்படி ஒரு பயம்.

புத்தாண்டுக்குக் காராமணி தின்னாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்த வருஷத்து அதிர்ஷ்டம் அதில்தான் இருக்கிறது என்று நம்பாதவர்களும் ஒரு கரண்டியாவது தின்றுவிடுவார்கள். ஒன்றாம் தேதி விடிந்ததும் கார்லிஸ் தன் கையாலேயே எல்லாம் போட்டாள். காராமணி, வெங்காயம், செலரித் தண்டு, குடமிளகாய், பூண்டு, பிரிஞ்சி இலை. புகை வாசத்துக்குப் புகைபோட்ட மிளகாய்த்தூள். ஏழு மணிக்குக் குக்கரைப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குத் தொப்பி வைத்துக்கொண்டு, பைபிளை மட்டும் எடுத்துக்கொண்டு, தெருமுனைச் சர்ச்சுக்கு நடந்தே போனாள்.

அப்பா அடுப்படி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"என்ன வேகுது?"

"காராமணிப்பா."

"வாசமே இல்லையே. மழைத்தண்ணிய கொதிக்க வெச்ச மாதிரி இருக்கு. உங்கம்மா இருந்திருந்தா பானையோட தூக்கி முற்றத்துல கொட்டியிருப்பா."

உறைபெட்டியில் புகைபோட்ட பன்றிக் கழுத்தெலும்பு இருந்தது. மூன்று துண்டு எடுத்தேன். மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து உள்ளே இறக்கினேன். துணி எதற்கென்றால், அதில் ஒரு நார்கூடப் பிரிந்து வந்துவிடக் கூடாது. பன்னிரண்டரைக்கு முடிச்சை வெளியே எடுத்தேன். மேலே மிதந்த கொழுப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றினேன். மினுமினுப்புக்குக் காரணம் வேண்டுமே. முடிச்சைப் பக்கத்துக் காலி மனையில் புதைத்தேன். நாளைக்குப் பயணம் என்பதால் அப்பாவின் பெட்டியை இப்போதே கார்லிஸின் காரில் ஏற்றி வைத்தேன். ஹாலில் கிடந்த அவள் கைப்பையையும் பெட்டியோடு வைத்தேன். உடம்பு தடித்தால் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிப் பேனா இரண்டும் அந்தப் பைக்குள்தான் இருந்தன. காரைப் பூட்டிச் சாவியை என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் செய்தபோது, பள்ளிக்கூடத்தில் நானூறு பேருக்குச் சமைக்கும்போது எப்படியோ அப்படித்தான் இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக.

அவளுக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு வந்தபோது சோள ரொட்டியில் ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு கலந்திருந்தேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறகு ஐந்து நாள் எங்கள் வீட்டில் படுத்திருந்தாள், கோழிச் சாறு வைத்துக் கொடுத்தேன். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், கார்லிஸ் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசவில்லை. நல்ல நாட்கள் அவை. அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம், கவனம் என்று மருத்துவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

சர்ச்சிலிருந்து வந்தவள் நேரே குக்கரைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, நான் போனப்புறம் அக்கா இதுல எதையாச்சும் போட்டாளா?"

"எதுவும் போடலடி. நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்ல. கண்ணுகூட மூடல."

"சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியம். உன் மழைத்தண்ணி அப்படியேதான் இருக்கு. போய்க் குடி."

அவர் கண்ணெதிரேதான் முடிச்சை இறக்கினேன், தம்பி. "ஆங், இப்பதான் வாசம் வருது" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கிப் போனார். அவர் மட்டும் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தக் குக்கரை அப்படியே தூக்கிக் கொட்டியிருப்பேன். முடிவை அவரிடம் விட்டிருந்தேன். அவர் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டோம். காராமணி, கீரை, எண்ணெய் ஊற்றிச் சுட்ட சோள ரொட்டி. கார்லிஸ் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றாள்.

"அக்கா, உண்ணி கடிச்சதுக்கப்புறம் இன்னைக்குத்தான் அம்மா சமையல் சாப்பிட்ட மாதிரி இருக்கு. கறியே இல்லாம எப்படிக்கா இப்படி வந்துச்சு?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

எனக்கும்தான். சமைக்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஐந்து மணி சுமாருக்கு உள்ளங்கை அரிக்கிறது என்றாள். பிறகு கழுத்து. பையைத் தேடினாள். நானும் தேடினேன். கட்டிலுக்கடியில், சோபா மெத்தைக்குப் பின்னால், குளியலறையில். தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதானே பார்ப்பார்கள். கார்ச் சாவி எங்கே என்று கேட்டாள், அப்போது குரல் பாதிதான் வந்தது. அதையும் தேடினேன். நான் உங்களை அழைத்தது ஆறு பத்துக்கு என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. சரிதான். ஆம்புலன்ஸ் இருபத்தெட்டு மைல் வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நவம்பரில் போல் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுப்படித் தரையில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மூச்சு விடும்மா, மூச்சு விடு, அப்பா இருக்கேன்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் முகம் நீலம் பாய்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மற்றதெல்லாம் பரவாயில்லை.

நீங்கள் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெயில் ஏதோ கலந்திருக்கும் என்றார்கள், மிளகாய்த்தூள் என்றார்கள். அடக்கத்துக்கு மறுநாள் அப்பாவைத்தான் கொண்டுபோய்விட்டீர்கள், துக்க வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள முடியாது, கொஞ்ச நாள் அரசு முதியோர் விடுதியில் இருக்கட்டும் என்று. நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். மூன்று வாரம் ஆகிறது. அங்கே அவர் காலை முதல் மாலை வரை ஒன்றையே சொல்கிறாராம்.

"எம்பொண்ண நான்தான் கொன்னேன். எனக்குத் தெரிஞ்சிருந்தும் இல்லேன்னு சொல்லிட்டேன்."

நேற்றுப் பார்க்கப் போனேன். வாடி என்று சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு வெள்ளத் துணியில என்னடி கட்டி வெச்சிருந்த?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் விடுதி நர்ஸ் ஒருத்தி சந்தோஷமாக ஓடி வந்து சொல்கிறாள். "உங்கப்பா எவ்ளோ தேறிட்டாரு பாத்தீங்களா? தேதி சொல்றாரு, கிழமை சொல்றாரு. போன வாரம் ரெண்டு பேருக்கு முடி வெட்டி விட்டாரு. இவருக்கு மறதின்னு யார் சொன்னது?"

அதனால்தான் இன்றைக்கு நானே ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். அவர் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். என் தங்கை கார்லிஸ் டாலிவரை, அவளுக்கு ஆகாது என்று தெரிந்தே, பன்றி எலும்பு போட்டு வேகவைத்த காராமணியைக் கொடுத்துக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். அப்பாவுக்காகத்தான். முன்பின் தெரியாதவர்கள் கையில் அவர் சீரழியக் கூடாது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் அவர் சோளக் கஞ்சியைத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்றார். அன்று மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்து கார்லிஸுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "என்னைய இங்கேருந்து கூட்டிட்டுப் போயிரு தாயி. இவ என்னைய நாள் பூரா தூங்க வெக்கிறா" என்றார். வாசலில் நின்று கேட்டேன். மறதிக்காரர் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு உதவி செய்யுங்கள், தம்பி. அந்த விடுதியில் காலையில் அவருக்கு ஏதோ ஓட்ஸ் கொடுக்கிறார்கள். சோளக் கஞ்சி கொடுக்கச் சொல்லுங்கள், வெண்ணெய் போட்டு. சளிக்கு விற்கும் தூக்கம் வருகிற மாத்திரையை நுணுக்கி அதில் கலந்துவிட்டால் வெண்ணெயில் கசப்பு தெரியாது. இரண்டே நாளில் கார்லிஸ் என்று ஒருத்தி இருந்ததையே மறந்துவிடுவார். நாலு வருஷமாக என்னிடம் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்.