ரூட்டின் ஷெல்

எனக்குத் தட்டச்சில் பிழை வருவதில்லை, ஐயா. அதனால்தான் 1986இல் தருமபுரியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தபோது டாக்டர் அதை என்னிடம் ஒப்படைத்தார். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், ஊர், பிரிவு எல்லாம் அதில்தான் இருந்தன.

இரண்டு வருடம் கழித்து ஷகிலா வேலைக்கு வந்தாள். கையேட்டைத் தானே படித்து, நாலே மாதத்தில் என்னை மிஞ்சினாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர், "மாதப்பன், திங்கள்லருந்து மெஷினை ஷகிலா பாத்துக்கட்டும். நீங்க சீட்டு எழுதுற எடத்துக்குப் போயிடுங்க" என்றார். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

சனிக்கிழமை ரூட்டின் ஷெல்லை மாற்றினேன். ரூட் என்பது மெஷினில் முழு அதிகாரமுள்ள கணக்கு; எங்கள் மெஷினில் அதன் வழியாகத்தான் நுழைவோம். உள்ளே நுழைந்ததும் நம் கட்டளைகளை வாங்கிக்கொள்வது ஷெல். அதன் பெயர் தப்பாக இருந்தால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் மெஷின் வெளியே தள்ளிவிடும். நான் ஓர் எழுத்தைக் கூட்டினேன். சரிசெய்யத் தேவைப்படும் ஃபிளாப்பியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். திங்களன்று அவள் திணற வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை வார்டு ஆள் சென்றாயன் இண்டூரில் என் வீட்டுக்கு வந்தான்.

"மெஷின் தெறக்கலீங்க. யாருக்கோ அவசரமா ரத்தம் வேணுமாம். டாக்டர் கூட்டியாரச் சொன்னாருங்க."

"ஷகிலா வந்து கேட்டா வரேன்னு சொல்லு" என்று திருப்பியனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவள் கணவர் அப்துல் ஷுக்கூர் வந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"அண்ணா, ஷகிலாவுக்குத்தாங்க வேணும்."

ஃபிளாப்பியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போன இருபது நிமிடத்தில் மெஷினைத் திறந்துவிட்டேன். ஓ நெகட்டிவ் பிரிவில் இரண்டே பெயர்கள். ஒன்று பாப்பிரெட்டிப்பட்டி குள்ளம்மாள். இன்னொன்று ஷகிலா, தன் பெயரை அவளே ஏற்றியிருந்தாள்.

குள்ளம்மாள், டாக்டர் அனுப்பிய ஜீப்பிலிருந்து இறங்கி, ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டே ஓடிவந்தார். அப்போதுதான் ஷகிலாவைத் துணியால் மூடியிருந்தார்கள். குழந்தையும் இல்லை.

ஷுக்கூர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஓடியாந்தீங்கண்ணா. அது போதுங்க." நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஷெல்லை மாற்றியது நான். ஆளைத் திருப்பியனுப்பியதும் நான். ஆனால் ரத்தம் யாருக்கு என்று சென்றாயன் முதலிலேயே விசாரித்துக்கொண்டு வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.