மூன்று மீட்டர் மௌனம்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தால் நரைத்த, அறிவால் நிமிர்ந்த பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளோடு பெறாத பிள்ளைகளையும் காக்கின்ற தாய்மார்களே! திருப்புளியும் மல்டிமீட்டரும் ஏந்திய தோழர்களே! மின்கருவிகளின் அலைக்கசிவை அளக்கும் இந்தப் புதிய சோதனை அறையின் பொறுப்பை ஏற்றிருக்கும் அம்மையார் அவர்களே! முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இந்த மனுஷன் எத்தனை பொய் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கும் என் மனைவியே! எல்லோருக்கும் என் வணக்கம். இந்த நொடியில் நம் தலைக்கு மேலும் நம் உடலுக்குள்ளும் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரமாயிரம் அலைகளுக்கும் சேர்த்தே வணக்கம்!

அழைப்பிதழில் என்னைச் சாதனையாளர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான் சாதித்து வந்தவன் அல்லன். இதே வளாகத்தின் பழைய அறையில், ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், தோற்று வந்தவன். அந்தத் தோல்விக்கு நன்றி சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

அப்போது எங்கள் பட்டறையில் ஒன்பது பேர். நாங்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் படுக்கைக்கு அடியில் ஒரு பட்டையை வைத்து, ஒயரால் பெட்டியில் இணைப்போம். குழந்தையின் மூச்சு நின்றால், பெட்டிக்குள் இருக்கும் ரேடியோ மாட்யூல், செவிலியரின் மேசைக்குச் செய்தி அனுப்பும். மேசையிலிருந்து அவர்கள் கழுத்தில் தொங்கும் அழைப்புக் கருவிக்குப் போகும். மூச்சு நின்ற பிள்ளை அழுமா? அழாது! அதற்காக அழுவதுதான் எங்கள் பெட்டி. பன்னிரண்டு தொட்டில்கள் இருந்த ஒரு பிரிவு அதற்காகக் காத்திருந்தது. அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியர், இதோ, என் மனைவி.

அனுப்பிவிடலாம் என்று நான் குதித்தேன். மாட்யூலைச் செய்தவர்களே அதற்குச் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்திருக்கும்போது நமக்கு எதற்குத் தனிச் சோதனை என்பது என் வாதம். சோறு பரிமாறிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: “ரிப்போர்ட் இல்லாம உங்க பெட்டி என் வார்டு வாசப்படி ஏறாது. வீட்டுலதான் நீங்க என் புருஷன். அங்க நீங்க வெறும் பெட்டிக்காரர்.”

சிரிக்கிறீர்கள்! பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் திருமணம் ஆகிவிட்டது போலிருக்கிறது.

வேறு வழியின்றி இங்கே வந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். அன்றும் சோதனை செய்த, இதோ மேடையில் இருக்கும் அம்மையாரிடம் முறைத்துக்கொண்டே கேட்டேன்: “மாட்யூல் பாஸ், பெட்டியும் நல்லாத்தான் ஓடுது. ரெண்டும் சேர்ந்தா மட்டும் பெயிலாயிடுமா மேடம்?” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தனித்தனியா நல்ல புள்ளைங்க ரெண்டு பேர ஒரே ரூம்ல விட்டுப் பாருங்க சார். அப்புறம் வந்து சொல்லுங்க.”

பிறகு அந்த அறையின் கதவு திறந்தது. அன்பர்களே, அதை நான் எப்படிச் சொல்வேன்! சுவரெல்லாம், கூரையெல்லாம் கூர்கூராய்க் கருநீலக் கூம்புகள். கனத்த இரும்புக் கதவு மூடியதும் என் கைப்பேசியில் ஒரு சிக்னல் கோடுகூட மிஞ்சவில்லை. வெளியுலகின் ஒரு முணுமுணுப்பும் உள்ளே வராது. உள்ளே எழும் முணுமுணுப்பு சுவரில் பட்டுத் திரும்பாது. அங்கே நாங்கள் பேசியதுகூடப் பஞ்சில் விழுந்ததுபோல் அமுங்கிப் போயிற்று. கோயிலுக்குள் போனால்கூடப் பேசிக்கொண்டே போகிற நான், அன்று வாய் மூடி நின்றேன்.

நடுவே சுழலும் மேசையில் என் பெட்டி. மூன்று மீட்டர் தள்ளி ஓர் ஆன்டெனா. எல்லோரும் வெளியே வந்து திரைமுன் உட்கார்ந்தோம். மேசை மெல்லச் சுழல, ஆன்டெனா மெல்ல ஏறி இறங்கியது. ஒருமுறை நின்றும் ஒருமுறை படுத்தும் கேட்டது. எந்தப் பக்கம் கசிகிறாய்? எந்த உயரத்தில் கசிகிறாய்? எந்த அலையில் கசிகிறாய்? விடாமல் கேட்டது! ரேடியோவை அணைத்து ஒருமுறை: பாஸ். ரேடியோவைப் பேசவிட்டு ஒருமுறை: அதுவும் பாஸ்! திரையில் சிவப்பு எல்லைக்கோட்டுக்குக் கீழே எல்லாம் அடங்கிக் கிடந்தது. நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அப்போது அம்மையார் கேட்டார், வார்டிலும் இந்த ஒயரை இப்படித்தான் சுருட்டிக் கட்டி வைப்பீர்களா என்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது போல, அழகாகச் சுருட்டி நாடா போட்டுக் கட்டியிருந்தேன். வாய் கூசாமல் ஆமாம் என்றேன்.

“இல்ல” என்றது ஒரு குரல். என் மனைவி! “ஒயர் தொட்டில் கம்பி மேலருந்து கீழ வரைக்கும் தொங்கும். இல்லன்னா குழந்தையத் தூக்க முடியாது.” நான் அவளைப் பார்த்த பார்வையில் பாறையே வெடித்திருக்கும். அவள் என்னைப் பார்த்தால்தானே!

கட்டு அவிழ்ந்தது. ஒயர் தொங்கியது. மேசை சுழன்றது. பாதிச் சுற்று முடியும் முன்னே, எல்லைக்கோட்டைக் கிழித்துக்கொண்டு நெடுநெடுவென எழுந்தது ஒரு கோடு! ரேடியோவை அணைத்தால் படுத்தது; பேசவிட்டால் எழுந்தது. ரேடியோவின் அலையைப் பெட்டியின் மின்சுற்று பிடித்து வேறோர் அலையாக மாற்ற, தொங்கிய ஒயரே ஆன்டெனாவாகி அதை ஊதிக்கொண்டிருந்தது. என் மனைவி பையிலிருந்து தன் அழைப்புக் கருவியை எடுத்தாள். அது எந்த அலையில் செய்தி கேட்கும் என்ற எண்ணை அம்மையார் அதன் பின்பக்கத்தில் படித்துத் திரையில் விரல் வைத்தார். விரல் நின்ற இடத்தில் அந்தக் கோடு நின்றது.

“அப்போ மூணாவது தொட்டில் கூப்பிடும்போது, ஏழாவது தொட்டில் கிட்ட நிக்கிற எனக்குக் கேக்காமப் போயிடுமா?” என்று என் மனைவி கேட்டாள். கேட்காமல் போகலாம் என்றார் அம்மையார். காப்பாற்றப் போன என் பெட்டியே, பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பொத்தியிருக்கும்!

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, பெட்டி பாஸானதா என்று சொல்லாமல் இறங்கினால் இவர்கள் என்னை விடமாட்டார்கள். பதினெட்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். மின்சுற்றில் ஒரு மாற்றம். ஒயரில் மோதிரம் அளவுக்கு, அலையை மடக்கும் ஒரு கருப்புக் காந்த வளையம். மறுபடி அதே அறை, அதே மேசை. ஒயரைத் தொங்கவிட்டே சோதித்தோம். கோடு எழவில்லை. பெட்டி வார்டுக்குள் போனது.

எட்டு மாதம் கழித்து ஒரு மாலை, என் மனைவி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழாவது தொட்டிலில் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாளாம். என்னம்மா ஆச்சு என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மூணாவது தொட்டில் கூப்பிட்டுச்சுங்க. எனக்குக் கேட்டுச்சு.”

அந்தப் பிள்ளை இன்று எங்கோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதற்கு என்னையும் தெரியாது, கருநீலக் கூம்புகளையும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் தோழர்களே, உங்கள் பெட்டியைச் சோதனைக்குக் கொண்டுவரும்போது ரேடியோவைப் பேசவிடுங்கள். ஒயரைத் தொங்கவிடுங்கள். அது வாழப்போகிற கோலத்திலேயே கொண்டுவாருங்கள்! என் பொய்யை அன்று சபையில் உடைத்த என் மனைவிக்கும், உடைந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டிய அம்மையாருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, இந்தப் புதிய அறையின் மௌனத்தை வணங்கி அமர்கிறேன். வணக்கம்.